நான் விட்டுவிட்ட ஜெர்மன் சொல்

இரண்டாவது உலகப் போர் தொடங்குவதற்கு மூன்று நான்கு மாதங்கள் இருக்கும். மே மாதம். செகந்தராபாத்தில் மணிக்கூண்டுக்குப் பின்பக்கத் தெருவில், இரண்டு அறைகளும் ஒரு தாழ்வாரமுமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும். அங்கே நான்தான் நர்ஸ். கம்பவுண்டர், கணக்குப்பிள்ளை, மொழிபெயர்ப்பாளர் எல்லாமும் நான்தான். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு.

என் அப்பாவுக்கு லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. பூர்வீகம் திருச்சி என்றாலும் நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ரயில்வே குடியிருப்பில். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தக்கினி உருது, மிஷன் பள்ளியில் இங்கிலீஷ். மெட்ராஸில் மூன்று வருடம் நர்ஸ் படிப்பு படித்துச் சான்றிதழோடு திரும்பியிருந்தேன். ஊசி போடுவதில், கட்டுக் கட்டுவதில், அழுகிற குழந்தையை அமுக்கிப் பிடித்து மருந்தை உள்ளே தள்ளுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பொய்யும் இல்லை. கை சுத்தம், வேகம், தைரியம் மூன்றும் எனக்கு உண்டு. டாக்டரம்மா என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான்.

டாக்டரம்மா ஜெர்மனியிலிருந்து வந்தவர். யூதர். நாற்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, காதளவு வெட்டிய முடி. ஒரு பெரிய குடும்பத்துப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க அழைக்கப்பட்டு, இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு மைக்ராஸ்கோப்புமாக ஹைதராபாத்தில் வந்து இறங்கியவர். பிறகு தனியாக இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இங்கிலீஷை நன்றாக வாசிப்பார். பேசும்போது மட்டும் தடுமாறும். நோயாளியைப் பரிசோதிக்கும் அவசரத்தில் தானாக ஜெர்மனுக்குத் தாவிவிடுவார். அதனால் நான் ஜெர்மன் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டேன் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அவர் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டுக்கொள்வேன். ஆறே மாதத்தில் கத்தி, கத்தரிக்கோல், பஞ்சு, காய்ச்சல், கருப்பை, தொப்புள்கொடி எல்லாம் பாடமாகிவிட்டன. வினைச்சொற்கள்தான் கொஞ்சம் படுத்தின. ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் காட்டி டாக்டரம்மா, "ஸீ முஸ் நிஷ்ட் லீகன்" என்றார். 'முஸ்' என்றால் 'வேண்டும்', 'நிஷ்ட்' என்றால் 'இல்லை', 'லீகன்' படுப்பது. படுக்கவே கூடாது என்று புரிந்துகொண்டு அந்தப் பெண்ணிடம் அப்படியே சொல்லி அனுப்பினேன். பாவம், இரண்டு நாள் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாளாம். படுத்தே கிடக்க வேண்டிய அவசியமில்லை, நடமாடு என்பதைத்தான் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதைத் திருத்திக்கொண்டபின், இனி ஜெர்மனில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டது.

என் நோட்டில் ஒரு பக்கத்தில் மூன்று சொற்கள் வரிசையாக இருந்தன. 'கான்: முடியும்.' 'முஸ்: வேண்டும்.' மூன்றாவது, 'டார்ஃப்'. டாக்டரம்மா ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல் அதுதான். குழந்தையின் நாக்கைப் பார்ப்பதற்கு முன் "டார்ஃப் இஷ்?" கிழவியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதற்கு முன் "டார்ஃப் இஷ்?" என் மேஜையிலிருந்து பேனாவை எடுப்பதற்கு முன்னும் அதே. சிலர் பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள், அது போல இது இவருக்கு ஒரு பழக்கம் என்று நான் முடிவு கட்டினேன். 'டார்ஃப்: மரியாதைக்குச் சொல்வது, மொழிபெயர்ப்பில் விட்டுவிடலாம்' என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்திருந்தேன்.

அப்படியே விட்டும் விட்டேன். டாக்டரம்மா "டார்ஃப் இஷ்?" என்பார். நான் நோயாளியிடம், "வாயைத் திற" என்பேன். அவர் "டார்ஃப் இஷ்?" என்பார். நான், "ம், திரும்பிப் படு" என்பேன். வேலை கடகடவென்று நடந்தது. தாழ்வாரத்தில் இருபது பேர் காத்திருக்கும் இடத்தில் வேறு எப்படி நடக்க முடியும்?

அந்த மே மாதக் காலையில் ஒரு ஜட்கா வாசலில் வந்து நின்றது. இறங்கியவர்கள் இருவர். ஒருத்திக்கு இருபது வயதுதான் இருக்கும். மூன்று வாரக் குழந்தையை இடது தோளில் போட்டிருந்தாள். வலது கையை மார்போடு மடக்கி இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த வெயிலிலும் உடம்பு நடுங்கியது. கூட வந்தவள் அவளுடைய நாத்தனார். லாலாகுடாவிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு முகப்பழக்கம் உண்டு. அவள் தம்பிக்கு ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பிரிவில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெண் எடுத்திருந்தார்கள்.

"ஹவ் சிஸ்டரம்மா, நாலு நாளா காய்ச்சல்" என்று நாத்தனார் தக்கினி கலந்த தமிழில் படபடவென்று சொன்னாள். "வலப்பக்கம் மாரு கல்லு மாதிரி இருக்கு. பத்து போடலாம்னா நக்கோ, ஒத்தடம் குடுக்கலாம்னா நக்கோ. கிட்டப் போனாலே கத்தறா. கைக்கு, ஏன் இப்படிப் பண்றான்னு கேட்டா பதிலே இல்ல. நேத்துலேருந்து புத்தி பெரண்ட மாதிரி பேசறா."

பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. பால்கட்டு சீழ் பிடித்திருக்கிறது. இந்தக் காலம் போல அப்போது சீழை அடக்க மாத்திரை கிடையாது. கீறி எடுக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டால் மூன்று வாரக் குழந்தை தாயில்லாப் பிள்ளையாகிவிடும். அப்படிப் போன இரண்டு பேரை நான் மெட்ராஸில் பார்த்திருக்கிறேன்.

அவளைப் பரிசோதனைக் கட்டிலில் உட்கார வைத்தேன். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டு வந்தார், ஒரு முழ தூரத்தில் நின்றார், வழக்கம்போல் தலையைச் சற்றுச் சாய்த்து, "டார்ஃப் இஷ்?" என்றார்.

நான் அந்தப் பெண்ணிடம், "டாக்டரம்மா பாக்கணும். கையை எடு, முந்தானையைத் தள்ளு" என்றேன்.

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நேரமில்லம்மா, எடு" என்று சொல்லிக்கொண்டே நானே முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அடுத்த நொடி என் மணிக்கட்டில் அவளுடைய ஐந்து நகங்களும் பதிந்தன. ரத்தம் வந்துவிட்டது. "தொடாதீங்க! யாரும் என்னைத் தொடாதீங்க!" என்று அலறிக்கொண்டு குழந்தையோடு கட்டிலிலிருந்து குதித்தாள். வாசலை நோக்கி ஓடப்போனவள், கால் தள்ளாடி, மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலையில் போய்க் குந்திக்கொண்டாள். நாத்தனார் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தாள். நான் மறுபக்கம் போனேன். இரண்டு பேர் போதும், தூக்கிக் கட்டிலில் போட்டுவிடலாம், மூன்றாவதாகத் தாழ்வாரத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டால் காலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று என் மூளை கணக்குப் போட்டது. நானும் கெட்டவள் இல்லை. அவள் உயிரைக் காப்பாற்றத்தான் அப்படி நினைத்தேன்.

"ஹால்ட்" என்றார் டாக்டரம்மா. நில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். நாத்தனாருக்கு ஜெர்மன் தெரியாவிட்டாலும் கையை எடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா என்னைத் தன் பக்கம் கூப்பிட்டு, நிதானமாகக் கேட்டார்: "நீ அவளிடம் என்ன கேட்டாய்?"

"கேட்கவில்லை டாக்டர். சொன்னேன். நீங்கள் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். முஸ்."

"நான் முஸ் என்று சொல்லவில்லையே?"

"நீங்கள் டார்ஃப் என்றீர்கள். அது மரியாதைக்குச் சொல்வதுதானே? அதை நான் சொல்வதில்லை."

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சொல்வதில்லையா? எப்போதிலிருந்து?" என்றார்.

"எப்போதுமே" என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். ஒன்றரை வருடமாக, எத்தனையோ நூறு பெண்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் தொட்டதாக நினைத்திருந்தவர். அந்தக் கேள்வி ஒருத்திக்குக்கூடப் போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வழியில் நின்று அதை நான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு பாதி இங்கிலீஷிலும் பாதி ஜெர்மனிலுமாகச் சொன்னார். தன் ஊரைப் பற்றி அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் பத்து வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வாசலில் ஒருநாள், யூதர்கள் உள்ளே வரக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டார்களாம். அதற்குப் போட்ட சொல்லும் இதே 'டார்ஃப்'தான், கூடவே ஒரு 'நிஷ்ட்'. பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது, நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது, எல்லாவற்றிலும் இந்தச் சொல்தான். யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள், தள்ளினார்கள், பிடித்தார்கள். "அந்தச் சொல்லைக் கேள்வியாகக் கேட்கும் டாக்டராக இருப்பேன் என்று கப்பலில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தேன்" என்றார். உடனே பேச்சை மாற்றி, "தமிழில் இதற்குச் சொல் இல்லையா?" என்று கேட்டார்.

இல்லாமல் என்ன! 'பார்க்கலாமா?'

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. நாளெல்லாம் புழங்கும் சொல். பக்கத்து வீட்டுக்குப் போனால் "உள்ளே வரலாமா?" என்கிறோம். கடையில் "எடுத்துப் பார்க்கலாமா?" என்கிறோம். ஹைதராபாத்தில் கேட்கவே வேண்டாம், விருந்துக்கு வந்தவர் எழுந்து போவதற்குக்கூட "இஜாஜத்?" என்று கேட்டுத்தான் போவார். என் நோட்டில் நானே 'விட்டுவிடலாம்' என்று எழுதியிருந்தேனே, அந்த 'லாம்' தான் நான் தேடியிருக்க வேண்டிய அர்த்தம். ஆனால் நர்ஸ் உடுப்பைப் போட்ட நாளிலிருந்து ஒரு நோயாளியிடமாவது அப்படிக் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

டாக்டரம்மா அந்தச் சொல்லை என்னிடம் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "பார்க்-கலாமா" என்று தானும் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்த மூலைக்குப் போய், வெறுந்தரையில், அந்தப் பெண்ணுக்கு எதிரே சம்மணம் போட முயன்று, வராமல், காலை ஒருபக்கமாக மடக்கி உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"பார்க்கலாமா, அம்மா?"

அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைக்காரி வாயிலிருந்து தமிழ் வந்த ஆச்சரியமா, காய்ச்சல் மயக்கத்தில் காது ஏமாற்றியதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது போல இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தெளிவாகச் சொன்னாள்: "வேணாம்."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நைன்" என்றேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வேணாமா? வேணாம்னா விட்டுருவீங்களா?" என்று நாத்தனார் கத்தினாள். "தம்பிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? புடிச்சுப் பாருங்கம்மா, நான் சொல்றேன், புடிங்க!" எனக்கும் அதே எண்ணம்தான். டாக்டரிடம் குனிந்து, "இவள் செத்துப்போவாள். உங்களுக்கே தெரியும்" என்றேன்.

"தெரியும்" என்றார். "அதை அவளுக்குச் சொன்னாயா?"

இல்லை. அவளுக்கு என்ன நோய் என்றுகூட நான் சொல்லவில்லை.

"எல்லாவற்றையும் சொல். நான் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட விடாதே" என்றார். நானும் தரையில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். நான் அதைத் தமிழில் சொல்வேன். மார்பில் பால் கட்டி, அது சீழாகியிருக்கிறது. காய்ச்சலும் நடுக்கமும் அதனால்தான். ஒரு விரல் அகலத்துக்குக் கீறினால் சீழ் வெளியே வந்துவிடும். கீறும்போது வலிக்கும், பத்து எண்ணுகிற நேரம். கீறாவிட்டால் விஷம் உடம்பெல்லாம் பரவும், உயிருக்கு ஆபத்து. கீறிய பிறகு குழந்தைக்கு இடது பக்கம் பால் கொடுக்கலாம். இவ்வளவும் உண்மை. ஆனால் நீ சரி என்று சொல்லாமல் இந்த அறையில் யாரும் உன்னைத் தொடமாட்டார்கள்.

கடைசி வாக்கியத்தைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் முதல் தடவையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மயக்க மருந்து குடுப்பீங்களா?"

வலி தெரியாமல் இருக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "வேணும்னா குடுப்பாங்க" என்று ஆறுதலாகச் சொன்னேன்.

"அது மட்டும் வேணாம்!" என்று குழந்தையை அணைத்துக்கொண்டாள். பிறகு, யாரிடமும் இல்லாமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "மொதப் பிள்ளைக்கு ஊர்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு பேரு கையையும் காலையும் புடிச்சாங்க. என்ன செய்யப் போறோம்னு ஒருத்தரும் சொல்லல. மூக்குல துணியைப் போட்டு அமுக்கினாங்க. முழிச்சப்ப புள்ள இல்ல. எங்கன்னு கேட்டேன், பொதைச்சாச்சுன்னாங்க. மூஞ்சியக்கூட நான் பாக்கல."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு, "எங்கிட்ட சொல்லவே இல்லியேடி" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் டாக்டரம்மாவுக்கு எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அதற்குப் போதவில்லை. 'புதைத்தல்' என்பதற்குச் சொல் தெரியாமல் கையால் காட்டினேன். அவருக்குப் புரிந்தது.

அந்த முதல் பிரசவத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளை முன்பே இறந்திருக்கலாம், தாயைக் காப்பாற்ற அவர்கள் ஆனதைச் செய்திருக்கலாம். நானே அந்த நாலு பேரில் ஒருத்தியாக எத்தனை முறை நின்றிருக்கிறேன்! அரை மணி நேரத்துக்கு முன்னால் மூன்றாவது ஆளைக் கூப்பிட நினைத்ததும் நான்தானே.

டாக்டரம்மா யோசித்துவிட்டு, மயக்க மருந்து வேண்டாம், தோலை மட்டும் மரத்துப்போக வைக்கும் மருந்து இருக்கிறது, கண்ணாடிக் குழாயிலிருந்து பீய்ச்சினால் பனிக்கட்டி வைத்தது போல இருக்கும், நீ விழித்துக்கொண்டே இருக்கலாம் என்றார். நான் சொன்னேன்.

"பாப்பா எங்க இருக்கும்?" என்று கேட்டாள் அவள்.

"நீ எங்கே சொல்கிறாயோ அங்கே."

"என் கண்ணுக்கு எதுத்தாப்ல."

அதன் பிறகும் அவள் சரி என்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்டாள், குடித்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்தாள். வெளியே தாழ்வாரத்தில் முணுமுணுப்பு அதிகமாகிக்கொண்டிருந்தது. ஒருத்தி எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று தெலுங்கில் சண்டைக்கு வந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவளுக்கு மறுபடியும் குளிர் நடுக்கம் வந்து பல் கிட்டியபோது, போதும், தூக்கிவிடலாம் என்று என் கை பரபரத்தது. டாக்டரம்மாவின் நெற்றியும் வியர்த்திருந்தது. அவருக்கும் பயம்தான், எனக்குத் தெரிந்தது. ஆனால் மடியில் இருந்த கைகளை அவர் எடுக்கவில்லை.

நடுக்கம் அடங்கியதும் அந்தப் பெண் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பாருங்க. பாக்க மட்டும்."

அன்றைக்கு நான் டாக்டரம்மாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். "தொடலாமா?" தொட்டார். "அமுக்கலாமா?" கொஞ்சம் அமுக்கினார். "இரு, இரு" என்றாள் அவள். விரல் நின்றது. தான் சொன்னதும் அந்த விரல் நின்றதை அவள் கவனித்தாள். அதைப் பார்த்தேன் நான். அதற்குப் பிறகு அவள் முகம் கொஞ்சம் மாறியது. தானாக எழுந்து கட்டிலில் ஏறிப் படுத்தாள். குழந்தையை நாத்தனார் மடியில், அவள் கண்ணுக்கு நேரே வைத்தோம். மருந்தைப் பீய்ச்சினோம். கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரம்மா, நான் சொல்லிக்கொடுத்தபடி, "கீறலாமா?" என்று கேட்டார்.

அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். தான் பிறாண்டி ரத்தம் வரவைத்த அதே மணிக்கட்டு. "கீறுங்க" என்றாள்.

நான் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு எண்ணும்போது சீழ் வந்துவிட்டது. கால் படிக்குக் குறையாது. அவள் கத்தவில்லை. கண்ணை மூடவும் இல்லை, குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்டு முடித்ததும், "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். நாத்தனார்தான் விசும்பி விசும்பி அழுதாள்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. கட்டு மாற்றத் தினமும் வருவாள். ஒவ்வொரு நாளும் நான், "கட்டைப் பிரிக்கலாமா?" என்று கேட்பேன். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெனமும் கேக்கணுமா அக்கா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "கேளுங்க கேளுங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்தச் செப்டம்பரில் போர் வந்தது. டாக்டரம்மா ஜெர்மன்காரர் ஆகிவிட்டார், அதாவது எதிரி. எந்த நாடு தன்னைத் துரத்தியதோ அந்த நாட்டு ஆளென்று அவரைப் போலீசார் அழைத்துப்போய்ச் சில வாரம் காவலில் வைத்தார்கள். விசாரித்துவிட்டு விட்டார்கள். ஆனால் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் எழுதிக் கேட்க வேண்டும், ரேடியோ வைத்துக்கொள்ளக் கூடாது, கேமரா கூடாது என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதை அவர் வாசித்துவிட்டு, மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். அவர் இல்லாத அந்தச் சில வாரங்கள் ஆஸ்பத்திரியை நான் ஒருத்தியாகத்தான் நடத்தினேன். போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, வேறு ஒரு நாட்டில் இருந்த அக்காவிடம் போய்ச் சேர்ந்தார். போகிற வரைக்கும் தமிழில் அவருக்கு நன்றாகத் தெரிந்தது 'லாமா' என்று முடிகிற சொற்கள் மட்டும்தான். அவற்றை வைத்துக்கொண்டே எத்தனையோ பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார்.

நான் அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தேன், புதிதாக வந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். கேட்டுவிட்டுத் தொடு என்றால், "நேரம் ஏது சிஸ்டர்?" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தானே, கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவர்கள் முன்னால் கேட்டுக் காட்டுவேன்.

எல்லாக் கதையும் அன்றைக்குப் போல முடிந்துவிடவில்லை. சர்க்கரை நோயில் கால் அழுகிப்போன ஒரு அம்மாளிடம், காலை எடுக்கலாமா என்று மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். தெளிவாக, எல்லாம் புரிந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எடுக்கவில்லை. நாலாம் வாரம் போய்விட்டார். பிடித்துப் படுக்க வைத்து எடுத்திருந்தால் இருந்திருப்பாரோ என்று இன்றைக்கும் சில சமயம் யோசிப்பேன். ஆனால் அந்த நாலு வாரமும் அவர் எங்களைக் கண்டு பயப்படவில்லை. நான் போகும்போதெல்லாம் கையை நீட்டி, உட்கார் என்பார். அதையும் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. கண்ணில் திரை விழுந்து, போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நானே படுக்க வேண்டிவந்தது. சின்னப் பெண் ஒருத்தி மளமளவென்று வந்து என் இமையைத் தூக்கினாள். "ஒரு நிமிஷம்மா, முதல்ல கேளு" என்றேன். பாவம், பதறிவிட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சரி என்று சொன்னேன்.

ஜெர்மன் மொழியில் நான் கற்ற நூற்றுக்கணக்கான சொற்களில் இன்று பாதிக்கு மேல் மறந்துபோய்விட்டன. ஆனால் இன்னொருவர் உடம்பு அவருடையது, அதன் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதை, நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.